வேலியும் விரலும்

சட்டம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தொழிலுக்கு முறை இருந்தது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கு இது புதிய செய்தியன்று. படுவான்கரைக் களவெட்டியிலே சூடு மிதிக்கும் காலத்தில் எவர் எங்கே நிற்பது, பிணையல் மாடுகளை எவர் சாய்ப்பது, இரவில் விளக்கை எங்கே வைப்பது என்பனவெல்லாம் எவரும் எழுதி வைக்காமலே எல்லோராலும் கைக்கொள்ளப்பட்டன. களத்துக்கென்றே ஒரு மொழி இருந்தது. அங்கே நெல்லை நெல்லென்று சொல்லார், பொலி என்பர். வீண்பேச்சும் கூச்சலும் களத்துக்கு ஆகா என்பர். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உளர். விளைவு பெருக வேண்டும் என்ற நம்பிக்கை அதிலே கலந்திருந்தது மெய்தான். ஆனால் இராமுழுதும் எருமைகள் சுற்றிவரும் வட்டத்தினுள் அரைத்தூக்கத்தோடு நிற்கும் மனிதனுக்கு, அடக்கமான பேச்சும் குறித்த சொல்லும் எவ்வளவு பாதுகாப்பு என்பதைக் களத்தில் ஓரிரவு நின்றவன் அறிவான்.

வாவிக்கும் இத்தகைய முறைகள் உண்டு. இடிமுழக்கம் கேட்டால் தோணியைக் கரைக்கு விடு; கண்ணாக்காட்டோரம் தனியே இறங்கி வலை இழுக்காதே, அங்கே முதலை கிடக்கும்; மாரிவெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டிவிட்ட நாளில் அந்தப் பக்கம் போகாதே. தந்தை மகனுக்குச் சொன்ன சொற்கள் இவை. இவற்றை மீறியவனைத் தண்டிக்க நீதிமன்றம் தேவைப்படவில்லை, வாவியே தண்டித்தது.

இந்தப் பழைய முறையைப் பொற்காலம் என்று பாடுவதற்கு நாம் இங்கு வரவில்லை. களவெட்டி முறையை வாயாற் சொன்னவர் முல்லைக்காரர். களமும் மாடும் நிலமும் போடியாருடையவை. மாடு மிதித்துக் கால் முறிந்தவனுக்குப் போடியார் இரண்டு மரைக்கால் நெல் அளந்தால் அது அவருடைய தரும சிந்தை, அளக்காவிட்டால் கேட்பாரில்லை. முறை இருந்தது, உரிமை இருக்கவில்லை. பின்னாளில் சட்டம் வந்தபோது உரிமை என்ற சொல்லும் உடன் வந்தது. ஆனால் சட்டம் முறையைத் தன்னோடு கொண்டுவந்ததா என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

1956ஆம் ஆண்டில் வாழைச்சேனையிலே கடதாசி ஆலை இயங்கத் தொடங்கியது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில் திட்டமிடப்பட்ட அரசாங்கத் தொழிற்சாலைகளுள் அதுவும் ஒன்று. காங்கேசன்துறையிலே சீமெந்து, பரந்தனிலே இரசாயனம், வாழைச்சேனையிலே கடதாசி. எங்கள் மாவட்டத்துக்கு அது எத்தகைய மாற்றம் என்பதை இன்றைய மாணவர்களுக்கு விளக்குவது எளிதன்று. நேற்றுவரை மாட்டுக்குத் தீனியாகவும் கூரைக்கு வேய்ச்சலாகவும் இருந்த வைக்கோல், பள்ளிக்கூடப் பயிற்சிக் கொப்பியாக மாறி மாணவன் கைக்குத் திரும்பி வந்தது. அந்தக் கொப்பியின் சற்றே பழுப்பேறிய தாளிலே எழுதிப் படித்த தலைமுறையினர் எமக்கு ஆசிரியர்களாக இருந்தனர்.

வைக்கோல் தாளாவதற்குள் அது கடக்கும் வழி கொடியது. பெருங்கலன்களுக்குள்ளே காரச்சோடாவுடன் நீராவி அழுத்தத்தில் அது வேகவைக்கப்படும். காரச்சோடா தோலிற் பட்டால் தோல் கரையும். கண்ணிற் பட்டால் கண் போகும். வெந்த கூழைக் கழுவி வெளுக்கக் குளோரின் வேண்டும். அந்த வாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படர்ந்து, குனிந்து வேலை செய்பவன் மூச்சை முதலிற் பிடிக்கும். கூழைத் தாளாக்கும் எந்திரத்திலோ உருளைகள் ஒன்றையொன்று நெருங்கிச் சுழலும். இரண்டு உருளைகள் உள்நோக்கிச் சுழன்று சந்திக்கும் இடத்தில் ஒரு விரல்நுனி அகப்பட்டால், பின்னால் வருவது கை. போதாக்குறைக்கு மலைபோற் குவிந்த வைக்கோல். ஒரு தீப்பொறிக்குக் காத்திருப்பது.

குளோரினுக்குக் களத்து மொழியில் சொல் இல்லை. உருளைகளின் குணத்தைத் தந்தை மகனுக்குச் சொல்லியிருக்க முடியாது. தந்தையே அதனைக் கண்டதில்லை. வயலிலிருந்தும் வாவியிலிருந்தும் ஆலைக்குட் புகுந்த முதல் தலைமுறைக்கு முன்னோர் முறை கைகொடுக்கவில்லை. அந்த இடைவெளியை எது நிரப்பியது? நிரப்ப வேண்டிய சட்டம் ஒன்று இருந்தது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே அது.

அதன் வரலாற்றை அறியவேண்டுமாயின் கடல் கடந்து சற்றுத் தொலைவு செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் பஞ்சாலைகளிலே 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதன்முறையாக நான்கு பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டனர். 1844இல் இயற்றப்பட்ட சட்டம் எந்திரங்களின் ஓடும் பகுதிகள் பத்திரமாக வேலியடைக்கப்பட வேண்டும் என்றது. வேலி என்றால் எத்தகைய வேலி? எவ்வளவு உயரத்தில்? தலைக்குமேல் ஓடும் சுழல்தண்டுக்கும் வேலி வேண்டுமா? சட்டம் இவற்றைச் சொல்லவில்லை. ஏழடிக்கு மேல் உள்ள தண்டுகள் எவரையும் தீண்டா என்பது ஆலை முதலாளிகளின் வாதம். ஆனால் வார்ப்பட்டியைச் சீர்செய்ய ஏணியில் ஏறியவர்களை அந்தத் தண்டுகளே சுழற்றிக் கூரையில் அடித்துக் கொன்றன. 1854ஆம் ஆண்டு சனவரியில் பரிசோதகர்கள் ஒரு சுற்றறிக்கை விடுத்தனர்: ஏழடிக்கு மேல் உள்ளவற்றுக்கும் வேலி வேண்டும். சட்டத்தின் பொதுச்சொல்லுக்குத் தொழில் அறிந்தவர்கள் எழுதிய இந்த விளக்கத்தை, இன்று நடைமுறைக் கோவை என்று வழங்கும் ஏட்டின் மூத்த வடிவம் என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்து நடந்தது படிப்பினைக்குரியது. மான்செஸ்டரை நடுவாகக் கொண்டு ஆலை முதலாளிகள் 1855இல் தேசியச் சங்கமொன்று அமைத்தார்கள். வழக்குகளை எதிர்த்து நிற்கப் பொதுநிதி திரட்டினார்கள். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வார இதழ் அச்சங்கத்துக்கு வேறு பெயர் சூட்டியது. தொழிலாளரைக் கூழாக்கும் சங்கம் என்ற பொருளில். ஹரியற் மார்ட்டினோ என்ற மற்றோர் எழுத்தாளரோ முதலாளிகளின் பக்கம் நின்று நூலொன்றே எழுதினார். எழுத்துலகம் எக்காலத்திலும் ஒரே அணியாய் நின்றதில்லை போலும். இறுதியில் 1856இல் பாராளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம் வேலியின் எல்லையைப் பெண்களும் இளையோரும் சிறாரும் தொடக்கூடிய பகுதிகளளவில் சுருக்கிவிட்டது. வளர்ந்த ஆண்மகனின் கை வெளியே விடப்பட்டது. லெனாட் ஹோணர் போன்ற பரிசோதகர்கள் வாதாடித் தோற்றார்கள். அந்த ஹோணரைத்தான் கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலில் தொழிலாளி வர்க்கத்துக்கு அழியாத் தொண்டு செய்தவராகப் போற்றுகிறார்.

‘பத்திரமாக வேலியடைத்தல்’ என்ற அந்தச் சொற்றொடர் மட்டும் சாகவில்லை. 1937ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் அது புகுந்தது. அச்சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட எங்கள் 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குள்ளும் கப்பலேறி வந்தது.

இலங்கையின் கதையில் ஆண்டுகளின் வரிசையே ஒரு விமரிசனம். 1896இல் சுரங்கங்களையும் எந்திரங்களையும் பற்றிய கட்டளைச் சட்டமொன்று இயற்றப்பட்டிருந்தது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது; அப்போது தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி. சுந்தரம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல், கிளாட் கொரேயா அமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்டது. இயற்றப்பட்டதேயன்றி நடைமுறைக்கு வரவில்லை. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, 1950 சனவரி முதலாந் தேதிதான் அது செயற்படத் தொடங்கியது. இழந்த விரலுக்கு விலை குறித்த அட்டவணை முதலில் வந்தது. விரலைக் காக்கும் விதி பதினைந்து ஆண்டுகள் கழித்தே வந்தது. அதிலும் வியப்பில்லை. விலை கொடுப்பது எப்போதாவது நேர்வது. காப்பதோ நாடோறும் செலவு வைப்பது.

வேலி என்றால் எத்தகைய வேலி என்ற 1854ஆம் ஆண்டின் வினா, நூறாண்டுகள் கழித்து இலண்டனில் மீண்டும் எழுந்தது. சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் பெருவிரல் கல்லிற் பட்டுச் சிதைந்தது. முழுதும் வேலியடைத்தால் சாணைக்கல்லைப் பயன்படுத்தவே முடியாது என்று ஆலையினர் வாதாடினர். பிரபுக்கள் சபை 1955இல் அளித்த தீர்ப்பு தெளிவானது: பயன்படுத்த முடியாமற் போனாலும் சட்டத்தின் சொல் சொல்லே, பத்திரமாக வேலியடைக்க வேண்டும் என்றால் அடைக்கத்தான் வேண்டும். தொழிலாளி வென்றார், நியாயமும் வென்றது. ஆனால் மறுநாட் காலை சாணைக்கல்லின் முன்னே நிற்கப்போகும் மற்றொருவன் எப்படி நிற்பது, மறைப்பு எவ்வளவு தூரம் இருக்கலாம், கல் எந்த வேகத்தில் சுழலலாம்? தீர்ப்பு இவற்றுக்கு விடை கூறவில்லை. தீர்ப்பின் வேலையும் அதுவன்று.

இந்த இடத்தில்தான் நடைமுறைக் கோவை தேவைப்படுகிறது. அதனை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுவோம். சட்டம் ஆணையிடும், ஒழுங்குவிதி அந்த ஆணையை அளவுபடுத்தும், கோவையோ அந்த வேலையை ஆபத்தின்றிச் செய்வதற்குத் தொழில் அறிந்தோர் கண்ட வழியைச் சொல்லும். பொறிகள் மாறும்போது சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் கூடவேண்டும். கோவையை மாற்ற அது வேண்டியதில்லை. சர்வதேசத் தொழில் தாபனம் 1949இலேயே கைத்தொழில் நிலையங்களுக்கான மாதிரிப் பாதுகாப்பு விதிக்கோவை ஒன்றை ஜெனீவாவில் வெளியிட்டது. அதன்பின் கட்டடம், காடு, இரசாயனம் எனப் பல கோவைகள் வந்தன. 2010இல் நிபுணர் கூட்டமொன்று விவசாயத்துக்கும் ஒரு கோவையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அவை வெறும் அறிவுரைகள். பின்பற்றினால் நன்று, பின்பற்றாவிட்டால் ஒன்றுமில்லை. அறிவுரைக்குப் பல் முளைத்தது பிரித்தானியாவில், 1974ஆம் ஆண்டில். அதற்குப் பின்னணியாக நின்ற ஒரு துயரத்தை ஆசிரியராக உள்ள எம்மால் கடந்துபோக இயலவில்லை.

1966 ஒக்டோபர் 21ஆந் தேதி காலை, வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்ற நிலக்கரிக் கிராமத்தில், சுரங்கக் கழிவை மலையாகக் கொட்டிவைத்த குவியல் மழைநீர் ஊறிச் சரிந்து ஆரம்பப் பாடசாலை ஒன்றின் மீது விழுந்தது. 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் சிறுவர்கள். பாடவேளை தொடங்கியிருந்த நேரம். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையையே குற்றவாளியாகக் கண்டது. கழிவை எங்கே, எப்படிக் கொட்டுவது என்பதற்கு அச்சபையிடம் ஒரு கொள்கையே இருக்கவில்லை. சுரங்கத்தின் உள்ளே நூறு விதிகள் வகுத்த சட்டமும் வெளியே நின்ற மலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தச் சபையின் தலைவராக அப்போதிருந்தவர் றொபென்ஸ் பிரபு. வேலைப் பாதுகாப்புச் சட்டங்களை ஆராயும் குழுவுக்கு 1970இல் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அதே றொபென்ஸ் பிரபுதான்! அரசுகள் ஆள் தேடும் விதம் சில வேளைகளில் நகைப்புக்கிடமானது.

எனினும் 1972இல் வெளிவந்த அவரது அறிக்கையில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஒன்பது சட்டங்களும் ஏறத்தாழ ஐந்நூறு துணைவிதிகளும் குவிந்து கிடக்கின்றன, எவரும் அவற்றைப் படிப்பதில்லை என்றார். வேலை கொடுப்போர் அனைவருக்கும் பொதுக்கடமை ஒன்றை விதித்து, நுணுக்கங்களைக் கோவைகளுக்கு விடுக என்றார். 1974ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே அமைந்தது. அதன் 16ஆம் பிரிவு, தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் இடம்பெற்ற ஆணைக்குழுவுக்குக் கோவைகளை அங்கீகரிக்கும் அதிகாரத்தை வழங்கியது. 17ஆம் பிரிவே உயிர்நிலை. அங்கீகரிக்கப்பட்ட கோவையைப் பின்பற்றாதது தன்னளவிற் குற்றமன்று. ஆனால் சட்டமீறல் வழக்கொன்றில், கோவையை அவர் பின்பற்றவில்லை என்று காட்டப்பட்டால், வேறு வழியாலாவது சட்டத்தை நிறைவேற்றியதை நிறுவவேண்டிய சுமை வேலை கொடுப்போர் தலையில் விழும். வழக்குத் தொடுத்தவர் நீதிமன்றத்தில் எந்திரவியல் வாதம் செய்யவேண்டியதில்லை. கோவையை முன்னே வைத்தாற் போதும், பேசவேண்டியவர் மறுபக்கத்தவர்.

றொபென்ஸ் அறிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. விபத்துகளுக்குப் பெருங்காரணம் அசட்டையே என்று அது கூறியது. யாருடைய அசட்டை? 1973இலேயே நிக்கல்ஸ், ஆம்ஸ்ட்ராங் என்னும் இருவர், பாதுகாப்பா இலாபமா என்று கேட்டு ஒரு சிறுநூல் எழுதி அந்த வாதத்தை மறுத்தனர். உற்பத்தி தடைப்படாமல் ஓடவேண்டும் என்ற நெருக்குதலின் கீழேதான் தொழிலாளி ஓடும் எந்திரத்தினுள் கைவைக்கிறான். அதனை அசட்டை என்று பெயரிட்டால் நெருக்கியவர் மறைந்து போகிறார் என்பது அவர்களின் கருத்து. நாமும் அவர்கள் பக்கமே நிற்கிறோம். காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்வோம்.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பல முறை திருத்தப்பட்டது. தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆய்வும் பயிற்சியும் ஆலோசனையும் அதன் பணிகள். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் பிரித்தானியச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் போன்ற ஒன்று எங்கள் கட்டளைச் சட்டத்தில் இல்லை. 1937ஆம் ஆண்டின் தாய்ச்சட்டத்தைப் பிரித்தானியா கைவிட்டுவிட்டது. பிள்ளையை நாம் இன்னும் சுமக்கிறோம்.

மேலும் அது தொழிற்சாலைச் சட்டம். வயலில் நாசினி தெளிப்பவன், சேற்றில் நின்று எலிக்காய்ச்சலைத் தேடிக்கொள்பவன், வாவியில் இரவு முழுதும் நனைந்து கிடப்பவன், வீட்டுக் கிணற்றை இறைக்க இறங்குபவன் ஆகியோர் அதன் வாசலுக்கு வெளியே நிற்பவர்கள். எங்கள் பகுதியில் உழைப்போரிற் பெரும்பாலார் இவர்களே. நீரிறைக்கும் எந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கி, அதன் புகையால் மூச்சடைத்து ஒருவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் மாண்ட செய்திகளை நாளேடுகளில் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! 2018 ஏப்ரலில் ஹொரணைக்கு அண்மையில் ஓர் இறப்பர் தொழிற்சாலைத் தொட்டியில் ஒருவர் விழ, காப்பாற்றச் சென்றவர்களையும் சேர்த்து ஐவர் உயிரிழந்தனர். மூடிய குழியில் விழுந்தவனைத் தூக்க வெறுங்கையோடு இறங்காதே. முதலில் காற்றைச் சோதி. இறங்குபவன் இடுப்பில் கயிறும் மேலே ஆளும் இருக்கட்டும். உலகமெங்கும் உள்ள கோவைகள் இதனைத்தான் கூறுகின்றன. இதைச் சொல்ல நான்கு வரி போதும். அந்த நான்கு வரி எங்கள் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை.

போருக்குப் பின் எங்கள் மாவட்டத்துக்கு வந்த ஆடைத் தொழிலுடன் வேறொரு வகைக் கோவை அறிமுகமாயிற்று. அது அரசாங்கத்தினுடையதன்று; ஆடை வாங்கும் வெளிநாட்டு வணிகருடையது. சுவரிலே அழகாகச் சட்டமிட்டுத் தொங்கும். அதன் பெறுமதியை அறிய 2012ஆம் ஆண்டைப் பார்த்தாற் போதும். அவ்வாண்டு செப்டெம்பரில் கராச்சி நகரின் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்து 250க்கு மேற்பட்டோர் வெந்து மடிந்தனர். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அத்தொழிற்சாலை சர்வதேசத் தராதரச் சான்றிதழ் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டாக்காவின் புறநகரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டபோது, அங்கிருந்த ஆலைகளுட் சிலவும் வாங்குவோரின் கோவைப்படி முன்னர் பரிசோதிக்கப்பட்டவையே என்பது தெரியவந்தது. அதன்பிறகே தொழிற்சங்கங்கள் கையொப்பமிட்ட, சட்டத்தாற் பிணிக்கும் உடன்படிக்கை ஒன்று வங்காளதேசத்தில் உருவாயிற்று. வாங்குபவரும் விற்பவரும் தமக்குள் எழுதிக்கொள்ளும் கோவையில் உழைப்பவன் மூன்றாம் மனிதன்.

இனி முன்பு விட்ட இடத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எமது வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபோது தந்தையையும் அழைத்து வந்தான். அரிசி ஆலை ஒன்றில் வேலை செய்பவர், வலக்கையில் கட்டு. வார்ப்பட்டியில் அகப்பட்டு இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆலையின் பெயரும் ஊரும் இங்கு வேண்டியதில்லை. நட்டஈடு கேட்டவரிடம் முதலாளி ஒரு தாளைக் காட்டினாராம். “எந்திரம் ஓடும்போது துப்புரவு செய்யக்கூடாது என்று விதி எழுதி ஒட்டியிருக்கிறோம், நீ மீறினாய், உனக்கு ஒன்றும் இல்லை” என்றாராம். ஒரு விண்ணப்பம் எழுதித் தருமாறு தந்தை எம்மைக் கேட்டார். “சேர், எனக்கு எழுத்து வாசிப்புக் கொஞ்சந்தான். அவர் சொன்னது சரிதானோ எண்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

பார்த்தோம். தமிழிலக்கியம் கற்ற நாம் கட்டளைச் சட்டத்தைக் கையில் எடுத்தது அன்றுதான். 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்திலே உள்ளபடியே ஒரு விலக்கு இருக்கிறது. உயிர்போகாத காயமாயின், பாதுகாப்புக்கென வெளிப்படையாக வகுக்கப்பட்ட விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால் அது நேர்ந்திருந்தால், முதலாளி பொறுப்பாகார். எமக்கு அன்று விளங்கியது இதுதான்: கோவை என்பது இருபுறமும் கூருள்ள கத்தி. பிரித்தானியாவின் 17ஆம் பிரிவில் அது வேலை கொடுப்பவரைப் பார்த்து, ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்கிறது. முதலாளி தானே எழுதிச் சுவரில் ஒட்டும் விதியோ தொழிலாளியைப் பார்த்து, ‘ஏன் மீறினாய்?’ என்று கேட்கிறது. இரண்டிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே வாக்கியமாக இருக்கலாம். எழுதியவர் எவர், சுமை எவர் தோளில் என்பதில்தான் வேற்றுமை.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் தட்டெழுதப்பட்டிருந்தது. அவ்வாலையில் வேலை செய்த எவருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எந்திரத்தோடு வந்த கைநூலிலிருந்து யாரோ பெயர்த்தெடுத்தது போலும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் சுருக்கத்தை வாயிலில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சுருக்கம் அங்கே இல்லை. முதலாளியின் தாள் மட்டும் இருந்தது. ‘வேண்டுமென்றே மீறியது’ என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் எழுதினோம். தான் அறியாத மொழியில் உள்ள விதியை ஒருவன் வேண்டுமென்றே மீறுவது எங்ஙனம்? மீறினான் என்றே கொண்டாலும், உமி அடைத்துப் பட்டி நழுவும்போதெல்லாம் எந்திரத்தை நிறுத்தினால் மேற்பார்வையாளர் ஏசுவார் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த மற்றொரு விதி. எழுதப்படாதது, ஆனால் நாள்தோறும் அமுல் செய்யப்பட்டது. எது அந்த ஆலையின் உண்மையான நடைமுறை? நாம் நிக்கல்ஸ், ஆம்ஸ்ட்ராங் பக்கம் நிற்பதாகச் சொன்னது இதனால்தான்.

மொழிப்பற்றினால் இதைச் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். நச்சுப்போத்தலின் ஒட்டுத்தாளில் தமிழ் இருக்கிறது. வாசிக்கக் கண்ணாடி வேண்டிய அளவில், வாசித்தாலும் விளங்காத நடையில் இருக்கிறது. பேச்சிலுள்ள சொல்லைத் தாழ்ந்ததென ஒதுக்கி, அகராதியிலிருந்து சொல் பொறுக்கி எழுதும் பழக்கம் எம்போன்ற பட்டதாரிகளுடையது. அந்தப் பழி எம்மையும் சாரும். களத்துக்கென்று ஒரு மொழியை ஆக்கிக்கொள்ளத் தெரிந்த மக்களுக்கு, அவர்களுடைய எந்திரத்தைப் பற்றி அவர்களுடைய சொல்லிலே எழுதத் தெரியாதவர்கள் நாமல்லவா?

விண்ணப்பம் நட்டஈட்டு ஆணையாளருக்குச் சென்றது. பல மாதங்கள் சென்றன. இடையில் மாணவனின் தந்தை இரண்டு முறை பாடசாலைக்கு வந்தார். ஒருமுறை, ஆலையில் உண்மையில் என்ன விதி இருந்திருக்க வேண்டும் என்று அவரையே கேட்டோம். சற்று யோசித்தார். பட்டிக்கு வலைக்கம்பி அடைத்திருந்தால் கை போயிராது என்றார். அதைவிட முக்கியம், நிறுத்தும் ஆளி பட்டி நழுவும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இப்போது அது சுவருக்கு அப்பால், கொதிகலன் பக்கம் இருக்கிறது. போய் நிறுத்தி வருவதற்குள் நெல் மேலே கொட்டிவிடும் என்றார். உமி அடைப்பது மூட்டை ஈரமாயிருந்தால்தான். ஈரநெல்லைக் கொட்டவேண்டாம் என்று வாசலிலேயே சொல்ல ஓர் ஆளுக்கு உரிமை வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல மகன் தன் கொப்பியில் எழுதினான். ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்தினோமேயன்றி வேறெதனையும் தொடவில்லை.

அட்டவணைப்படி உரிய தொகை இறுதியில் கிடைத்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தின் பிரதி ஒன்று மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அனுப்பப்பட்டது. அவர் வந்து பார்த்தபின் வார்ப்பட்டிக்கு வலைக்கம்பி அடைக்கப்பட்டதாக அறிந்தோம். ஆங்கிலத் தாள் எடுக்கப்பட்டு, சட்டத்தின் சுருக்கம் ஒட்டப்பட்டது. நாம் கடைசியாகக் கேட்டறிந்தபோது, ஆளி இன்னும் சுவருக்கு அப்பால்தான் இருந்தது.